லோ டோஸ் ஸ்கேன் பொடி பொடியாக இருந்தால் ரிப்போர்ட்டை நம்பலாமா?

19 ஜனவரி 2025, பல்லடத்து வாசகர் கேட்டது

அப்பாவுக்கு 64 வயது. முப்பது வருஷம் ஸ்பின்னிங் மில்லில் கார்டிங் செக்‌ஷன். பீடி அதற்கு மேல், இப்போதுதான் விட்டார். டாக்டர் எழுதிக்கொடுத்து லோ டோஸில் (குறைந்த கதிரில்) நெஞ்சு ஸ்கேன் எடுத்தோம். வலது மேல் நுரையீரலில் 6 மில்லிமீட்டர் நாடியூல் (சின்னக் கட்டி) என்றும், ஆறு மாதம் கழித்து மறுபடி எடுங்கள் என்றும் ரிப்போர்ட். படத்தைப் பார்த்தால் பழைய டிவியில் சிக்னல் போன மாதிரி ஒரே பொடி. 2021இல் கொரோனாவுக்கு எடுத்த படம் வழவழவென்று இருந்தது. ஒரம்பரையில் ஒருத்தர், "காசு மிச்சம் பண்ண டோஸைக் கொறச்சுப்போட்டாங்க, ஃபுல் டோஸ்ல இன்னொருக்கா எடுங்க" என்கிறார். இந்தப் படத்தை வைத்துக்கொண்டு 6 மில்லி என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்?

19 ஜனவரி, இரவு 10.50

நான் டாக்டர் இல்லை. ஸ்கேன் மெஷின் ஓட்டுகிறவன், காங்கயம் பக்கம் பதினாலு வருஷமாக இதே சோலி. ரிப்போர்ட், படத்தைப் படிக்கிற டாக்டரான ரேடியாலஜிஸ்ட் பாடு, படம் ஏன் அப்படி வந்தது என்பது என் பாடு. அதை மட்டும் சொல்கிறேன்.

டோஸைக் குறைத்தால் யாருக்கும் காசு மிச்சமாகாது, கரண்ட் பில்லில்கூடத் தெரியாது. குறைப்பது உங்கள் அப்பாவுக்காக. இது ஒரு தடவையோடு முடிகிற ஸ்கேன் இல்லை, திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியது.

பொடி எப்படி வருகிறது என்றால், வாசலில் பத்துச் சட்டி வரிசையாக வையுங்கள். அடை மழையில் பத்திலும் ஒரே அளவு தண்ணீர் நிற்கும். தூறலில் ஒன்றில் மூணு சொட்டு, பக்கத்தில் ஏழு சொட்டு. லோ டோஸ் என்பது தூறல். ஒரே சதைதான், ஆனால் ஒரு புள்ளி வெளுப்பாகவும் அடுத்த புள்ளி கருப்பாகவும் விழும். டோஸைப் பாதியாக்கினால் பொடி இரண்டு மடங்காகும்.

ஆனால் நுரையீரலில் தேடுகிற சாமானைப் பாருங்கள். இந்த மெஷினைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் ஒரு அளவு உண்டு (1979இல் நோபல் வாங்கினார், கார்மாக் என்பவரோடு சேர்த்து). அதில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. நுரையீரல் கிட்டத்தட்ட மைனஸ் 850, கெட்டியான நாடியூல் 0க்கு மேலே. எத்தனை பெரிய இடைவெளி! பொடி இதில் நாற்பது ஐம்பது ஆடினாலும் ஒன்றும் முழுகிவிடாது. கரிச்சட்டியில் ஒட்டின சோற்றுப் பருக்கையைப் பார்க்க வெயில் வேண்டியதில்லை, சிம்னி விளக்கே போதும். அதே பொடி கல்லீரலில் வந்தால் கதை வேறு, அங்கே நல்ல சதைக்கும் கெட்ட சதைக்கும் நடுவே சில சமயம் இருபது முப்பதுதான் வித்தியாசம்.

ஆக, படம் அழகாக இல்லை என்பதும் படம் உதவாது என்பதும் ஒன்றல்ல.

20 ஜனவரி, காலை 6.15

தூக்கக் கலக்கத்தில் தப்பாக எழுதிவிட்டேன். டோஸ் பாதியானால் பொடி இரண்டு மடங்கு ஆகாது, சுமார் 1.4 மடங்குதான். டோஸைக் கால்வாசியாக்கினால்தான் இரண்டு மடங்கு. வர்க்கமூலக் கணக்கு. எங்கள் ரேடியாலஜிஸ்ட் இதைப் படித்தால் இன்றைக்கு டீ வாங்கித் தரமாட்டார்.

20 ஜனவரி, மதியம்

"ஒரு சி.டி. ஸ்கேன் 400 எக்ஸ்ரேவுக்குச் சமமாமே" என்று கேட்டவருக்கு.

இது 2021 மே மாதத்துப் பேச்சு. எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரண்தீப் குலேரியா ஒரு ஸ்கேன் 300, 400 நெஞ்சு எக்ஸ்ரேவுக்குச் சமம் என்றார். இந்திய ரேடியாலஜி சங்கம் உடனே மறுத்து, இப்போதைய மெஷின்களில் ஐந்து முதல் பத்து எக்ஸ்ரே அளவுதான் என்றது. அந்த வாரம் என் ஃபோன் ஓயவில்லை. நானே ஒரு துண்டுச்சீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வழக்கமான நெஞ்சு ஸ்கேன் ஏறக்குறைய 7 மில்லிசீவெர்ட் (உடம்பில் ஏறுகிற கதிரை அளக்கிற அலகு), ஒரு எக்ஸ்ரே 0.02. வகுத்தால் 350. எக்ஸ்ரேவை 0.1 என்று வைத்துக்கொண்டால் 70. ஸ்கேனையே லோ டோஸில் 1 மில்லிசீவெர்ட்டுக்குக் கொண்டுவந்து அந்த 0.1ஆல் வகுத்தால் பத்து. இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை, வகுத்த எண்தான் வேறு.

சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் மண், காற்று, வானம் எல்லாம் சேர்த்து உலக சராசரியாக வருஷத்துக்கு 2.4 மில்லிசீவெர்ட் உடம்பில் ஏறுகிறது. புகைபிடிப்பவர்களுக்கான லோ டோஸ் ஸ்கேன் ஒன்றுக்குச் சுமார் 1.5. பயப்படவும் வேண்டாம், சந்தைக்குப் போகிற மாதிரி மாசாமாசம் வந்து படுக்கவும் வேண்டாம்.

அந்தக் கொரோனா காலத்தில், நுரையீரல் எவ்வளவு பாதித்தது என்று ஸ்கேனைப் பார்த்து 25க்கு மார்க் போடுவார்கள். ஊரில் யாரைப் பார்த்தாலும் "ஸ்கோர் எவ்ளோங்க?" என்பதுதான் முதல் கேள்வி. 25க்கு எட்டு வாங்கினவர் பன்னிரண்டு வாங்கினவரைப் பார்த்துப் பெருமைப்பட்டார்.

24 ஜனவரி

மூச்சு. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். டோஸ் கெடுத்த படங்களைவிட மூச்சு கெடுத்த படங்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மெஷினில் வந்த ரெக்கார்டிங் குரல் இங்கிலீஷ். சுவிட்சைப் போட்டதும் ஒரு வெள்ளைக்காரி மூச்சை இழு, பிடி என்பாள். சென்னிமலைப் பக்கத்து அம்மிச்சி ஒருவர், எண்பது வயதிருக்கும், அந்தக் குரல் கேட்டதும் மரியாதையாக "சரீங் சாமி" என்று பதில் சொன்னார். சரியாக அந்த நொடியில் நுரையீரலின் கீழ்ப்பாகம் ஓடிக்கொண்டிருந்தது. படத்தில் உதரவிதானம் இரண்டாகத் தெரிந்தது, ரத்தக்குழாய் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் ஜோடி. அந்தப் பகுதியில் 6 மில்லி நாடியூல் இருந்தால் ஃபுல் டோஸ் என்ன, பத்து மடங்கு டோஸ் கொடுத்திருந்தாலும் அளக்க முடியாது. மறுநாளே என் குரலில் மாற்றிப் பதிந்துவிட்டேன்: "மூச்ச நல்லா இழுங்க... அப்படியே புடிங்க, பேசாதீங்க, அலுங்காதீங்க." இப்போதும் சிலர் சரிங்க என்கிறார்கள், ஆனால் மூச்சைப் பிடிப்பதற்கு முன்னால்.

படுக்கவைத்து இரண்டு தடவை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் ஸ்கேனை ஆரம்பிக்கிறேன். ஐந்து நிமிஷம் கூட ஆகும், வெளியே வரிசையில் நிற்பவர்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

25 ஜனவரி

கையைத் தூக்க முடியுமா என்பதையும் கேளுங்கள். தோள்பட்டை இறுகினவர்கள் கையைப் பக்கத்திலேயே வைத்துப் படுத்தால் கை எலும்பால் படத்தின் குறுக்கே கோடு கோடாக விழும்.

10 பிப்ரவரி

நாளைக்குத் தைப்பூசம். தாராபுரம் ரோட்டில் பழனி நடைக்காரர்கள் விடிய விடியப் போகிறார்கள், காவடிச் சத்தத்தில் இன்டர்காமே கேட்கவில்லை. கூட்டம் இல்லாததால் ஒரு பழைய குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம், அப்போது வேறு சென்டர். நல்ல கனத்த உடம்புக்காரர் ஒருவர், ரைஸ் மில் முதலாளி. டேபிள் உயரத்தைச் சரிபார்க்காமல் தாழ்வாகவே விட்டுவிட்டேன். முதலில் எடுக்கிற ஸ்கவுட் படத்தைப் பார்த்துத்தான் மெஷின் எவ்வளவு கதிர் தேவை என்று தானாக முடிவெடுக்கும். கதிர் மேலேயிருந்து வரும்போது ஆள் தாழ்வாக, அதாவது தூரத்தில் இருந்தால், நிழல் சின்னதாக விழும். "ஓ, ஒல்லியான ஆள்" என்று நினைத்து மெஷின் கதிரைக் குறைத்துவிடும். அதோடு, நடுவில் மெல்லிசாகவும் ஓரத்தில் கனமாகவும் உள்ள கதிர் வடிகட்டி ஒன்று உள்ளே இருக்கிறது, அதுவும் ஆள் நடுவில் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். படம் மணல் கொட்டின மாதிரி வந்தது. நான் என்ன செய்தேன்? டேபிளை நாலு சென்டிமீட்டர் ஏற்றுவதற்குப் பதில் கரண்டை ஏற்றி இரண்டாவது தடவை எடுத்தேன். அவருக்குத் தேவையில்லாமல் இரண்டு டோஸ். ரேடியாலஜிஸ்ட் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் திட்டவில்லை, "டேபிள் எங்கடா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். இன்றைக்கும் ஆள் நடுவில் இருக்கிறாரா என்று காட்டுகிற லேசர் கோட்டைப் பார்க்காமல் பட்டனைத் தொடுவதில்லை.

ஆகவே படம் பொடியாக இருந்தால் அது எப்போதும் லோ டோஸின் குற்றம் என்று நினைக்காதீர்கள். பாதி நேரம் எங்களை மாதிரி ஆட்களின் குற்றம்.

13 பிப்ரவரி

"சாஃப்ட்வேர் போட்டுப் பொடியை எடுத்துவிடலாமே" என்று ஒருவர். எடுக்கலாம், எடுக்கிறார்கள். பழைய முறையில் வந்த விவரத்தை அப்படியே படமாகக் கட்டும். பிறகு திரும்பத் திரும்பக் கணக்குப்போட்டுப் பொடியைக் குறைக்கிற முறை வந்தது. 2019 முதல் செயற்கை நுண்ணறிவு முறைகளுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நல்ல விஷயம்தான், எங்களிடம் இரண்டாவது வகை இருக்கிறது, நான் நடுவான அளவில் வைத்திருக்கிறேன். உச்சத்தில் வைத்தால் நுரையீரல் மெழுகு பூசின மாதிரி ஆகிவிடும்.

என் தங்கச்சி கல்யாண ஆல்பத்தில் ஸ்டுடியோக்காரர் முகத்தை வழவழப்பாக்குகிறேன் என்று அவள் மோவாயில் இருந்த மச்சத்தையும் சேர்த்து அழித்துவிட்டார். எங்கள் அப்பத்தா பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு "பொண்ணு யாரு இது?" என்றார். ரேடியாலஜிஸ்டுகள் பயப்படுவது இதற்குத்தான். மங்கலான ஒரு சின்ன மச்சம்தான் அவர்கள் தேடி வந்ததே. பொடி தெரிகிற படம் தன் குறையை முகத்திலேயே காட்டிவிடும், மெழுகு பூசின படம் காட்டாது.

எங்கள் டாக்டரிடம் ஒரு லோ டோஸ் படத்தைக் கொடுத்து மார்க் போடச் சொன்னேன். அழகுக்கு ஐந்தில் இரண்டு. "நாடியூல் இருக்கு இல்லைங்கறதுல எவ்வளவு உறுதி?" என்றேன். ஐந்துக்கு ஐந்து என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "கெட்டி நாடியூலுக்கு" என்று சேர்த்துக்கொண்டார். அந்தச் சேர்க்கையைப் பற்றி நாளைக்கு.

16 பிப்ரவரி

நாளைக்கு என்றேன், மூன்று நாளாகிவிட்டது. மகளுக்குக் காய்ச்சல்.

முதல் நாள் சொன்ன சோற்றுப் பருக்கைக் கதை எல்லாவற்றுக்கும் செல்லாது. நுரையீரலில் பனி படிந்த கண்ணாடி மாதிரி மெல்லிய மங்கல் ஒன்று வரும். அதற்கும் சுற்றியிருக்கிற காற்றுக்கும் வித்தியாசம் குறைவு, அதனால் பொடிக்குள் ஒளிந்துகொள்ளும். இந்தப் பக்கம் கோழிப்பண்ணைகள் அதிகம், பல்லடத்தில் பிராய்லர், நாமக்கல்லில் முட்டைக்கோழி. இறகுத்தூசியும் எச்சத்தூசியும் வருஷக்கணக்கில் உள்ளே போனால் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமையாகப் பொங்கும், அதில் முதலில் தெரிவது இந்த மங்கல்தான். பண்ணை வேலைக்காரப் பெண் ஒருவர் இருமலோடு வந்தார், லோ டோஸில் நாடியூல் எதுவும் இல்லை. நான் "நார்மல்" என்று மனசுக்குள் முடித்துவிட்டேன். டாக்டர் விடவில்லை. "என்ன வேலை பாக்கறாங்கன்னு கேட்டியா?" என்றார். திரும்ப வரவழைத்து வழக்கமான டோஸில் மூச்சை இழுத்து ஒன்று, மூச்சை விட்டு ஒன்று எடுத்தோம். அங்கங்கே காற்று வெளியேறாமல் சிக்கி, பக்கத்தில் வெளுப்பு, கருப்பு, வெளுப்பு என்று ஒட்டுத்துணி மாதிரி தெரிந்தது. லோ டோஸ் படத்தை மறுபடி திறந்து பார்த்தால் லேசாக இருக்கிறது, தெரிந்த பிறகு தெரிகிறது.

என்ன கேள்விக்கு ஸ்கேன் என்பதைப் பொறுத்துத்தான் டோஸ். இதைத்தான் நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், மழைச்சட்டியில் மயங்கிவிட்டேன்.

16 பிப்ரவரி, பொழுதோடு

அப்பா கார்டிங் செக்‌ஷன் என்று எழுதியிருந்தீர்கள். பஞ்சுத்தூசி மிக மோசமாகப் பறக்கிற இடம் அதுதான். லீவு முடிந்து திங்கட்கிழமை ஷிஃப்டுக்குப் போனதும் நெஞ்சு இறுக்கம், வாரம் போகப்போகக் குறையும், இப்படி அவருக்கு இருந்ததா என்று கேளுங்கள். பிசினோசிஸ் என்பார்கள். அது பெரும்பாலும் எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோ பிடிபடாது. குழாயில் ஊதுகிற ஸ்பைரோமெட்ரி டெஸ்ட்டும் அவர் சொல்கிற கதையும்தான் காட்டும். ஃபுல் டோஸில் எடுத்தாலும் ஸ்கேனுக்குத் தெரியாதது தெரியாது.

2 மார்ச்

படங்களை அனுப்பினதற்கு நன்றி. இப்போதுதான் விஷயமே புரிகிறது.

2021 படம் வழவழப்பாக இருப்பது டோஸால் மட்டும் இல்லை. அது 5 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டின ஸ்லைஸ், ஒரு ஷீட்டில் இருபது. புதியது 1 மில்லிமீட்டர். கனமாக வெட்டினால் பொடி சேர்ந்து அடங்கிவிடும், படம் பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் 5 மில்லிமீட்டர் துண்டுக்குள் 4 மில்லிமீட்டர் நாடியூல் மாட்டினால், ஒரு கரண்டி மோரை ஒரு சொம்புத் தண்ணீரில் ஊற்றின மாதிரி பக்கத்துக் காற்றோடு கலந்து வெளிறிவிடும். உங்கள் பழைய ஃபிலிமை ஜன்னலில் ஒட்டிப் பார்த்தேன். வலது மேலே, மூன்றாவது வரிசை நாலாவது கட்டத்தில், துடைத்த சாக்பீஸ் மாதிரி ஒரு கறை. நாடியூலா, ரத்தக்குழாயின் குறுக்கு வெட்டா, சொல்ல முடியாது. ஃபுல் டோஸ்தான், நல்ல அழகான படம்தான், ஆனால் கேட்ட கேள்விக்கு வாய் திறக்கவில்லை. பொடியான படம் திறந்தது.

6 மில்லி என்பதைப் பற்றி: குறுக்கும் நெடுக்கும் அளந்து சராசரி எடுத்து முழு எண்ணாக்கியது அது. இன்னொருத்தர் அளந்தால் 5 வரலாம், 7 வரலாம். அதனால்தான் லங் ராட்ஸ் விதியில் (இந்த லோ டோஸ் ஸ்கேனுக்கு ரிப்போர்ட் எழுத ரேடியாலஜிஸ்டுகள் பின்பற்றுவது) 1.5 மில்லிமீட்டருக்கு மேல் பெரிதானால்தான் வளர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆறு மாதம் என்று சொன்னதும் அந்த விதிப்படிதான், 6 முதல் 8க்குள் இருக்கிற கெட்டி நாடியூலுக்கு. பயமுறுத்துவதற்கு இல்லை.

2021இல் ஃபிலிமோடு ஒரு சிடியும் கொடுத்திருப்பார்கள். அதைத் தேடுங்கள், உள்ளே மெல்லிய ஸ்லைஸ் இருந்தாலும் இருக்கும். (சி.டி. ஸ்கேன் சிடி என்று எழுதினால் எனக்கே நாக்குக் குழறுகிறது.)

5 மார்ச்

இதற்கிடையில் "கட்டி என்றாலே கேன்சர்தானே" என்று மூன்று பேர். இல்லை. அமெரிக்காவில் 53,454 பேரை வைத்து நடந்து 2011இல் வெளிவந்த பெரிய ஆய்வு, லோ டோஸ் ஸ்கேன் எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் மரணம், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட 20 சதவீதம் குறைந்தது என்று காட்டியது. இந்த ஸ்கேனுக்கு மரியாதை வந்ததே அதனால்தான். ஆனால் அதே ஆய்வில் சந்தேகம் என்று குறிக்கப்பட்டவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு புற்றுநோய் இல்லை. நம் ஊரில் டிபி வேறு. பெருந்துறை சானடோரியம் என்று தாத்தா காலத்தில் பேர் சொன்னாலே பயப்படுவார்கள். டிபி வந்ததே தெரியாமல் ஆறிப்போய், மேல் நுரையீரலில் சுண்ணாம்புப் பொட்டாக நிற்கிற தழும்புகளை வாரத்துக்கு நாலு பார்க்கிறேன். சுண்ணாம்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்க, கூர்மையான நுரையீரல் செட்டிங்கை நம்பக்கூடாது, அது ஓரத்தை மிகைப்படுத்தி இல்லாத சுண்ணாம்பைக் காட்டும். மிருதுவான செட்டிங்கில் மெல்லிய ஸ்லைஸ். உங்கள் ரேடியாலஜிஸ்ட் பார்த்திருப்பார், கேட்டால் தப்பில்லை.

21 மார்ச்

சிடி கிடைத்ததாம்! பீரோவில் பட்டா, வாக்காளர் அட்டை, எல்.ஐ.சி. பத்திரம் எல்லாம் இருக்க, இது மட்டும் காட்டில் கொய்யா மரத்தில் தொங்கிக்கொண்டிருந்ததாம். மினுங்குகிறதே என்று அம்மா கிளி விரட்டக் கட்டிவிட்டார். மூணு வருஷ வெயில். எங்கள் சென்டரின் பழைய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன், கர்ர் என்று சுற்றி நின்றுவிட்டது, அதற்கு மேல் உயிர் இல்லை.

பழைய சென்டருக்கு ஃபிலிமில் இருக்கிற நம்பரோடு போய்க் கேளுங்கள். எல்லாரும் வைத்திருக்கமாட்டார்கள், சிலர் வைத்திருப்பார்கள்.

9 ஏப்ரல்

அவர்கள் சர்வரில் இருந்தது, பென் டிரைவில் வாங்கி வந்தார். உள்ளே 1.25 மில்லிமீட்டர் ஸ்லைஸ். சாக்பீஸ் கறை இருந்த அதே இடத்தில், அதே வடிவில், ஓரம் சுத்தமான ஒரு பொட்டு. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்கள் டாக்டர் அளந்தார். அப்போது 5.5, இப்போது 6. "நாலு வருஷத்துல அரை மில்லி, அது என் மவுஸ் நடுக்கம்" என்றார். குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று எழுதிக்கொடுத்திருக்கிறார். ஆறு மாத ஸ்கேன் தேவையா, வருஷம் ஒன்று போதுமா என்பதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இரண்டு ரிப்போர்ட்டையும் காட்டி முடிவு செய்யட்டும், நான் அதில் தலையிடமாட்டேன். ஃபுல் டோஸில் மறுபடி எடுக்கத் தேவையில்லை என்பது மட்டும் அந்த ஒரம்பரைக்காரருக்கு.

10 ஏப்ரல்

கேட்க மறந்ததை ஃபோனில் கேட்டுவிட்டேன். சிடி மறுபடி கொய்யா மரத்துக்கே போய்விட்டதாம். கிளி அதன்மேலேயே உட்கார்ந்து கொத்துகிறதாம்.